சிம் இல்லாத டேப்

காலை ஐந்து நாற்பதுக்கு மேகலாவின் போனில் அலாரம் அடிக்கும். எழுந்து அணைப்பேன். மோட்டார் போடுவேன். கதவுப் பிடியில் தொங்கும் பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைச் சின்னதாக வைப்பேன். பால் காய்வதற்குள் அவள் போனில் அந்த விளையாட்டைத் திறப்பேன். பழைய போன். திறக்க இரண்டு நிமிடம் ஆகும். தொப்பி போட்ட ஒரு பெண் பொம்மை கிணற்றடியில் நிற்கும். அதை நடத்திக்கொண்டு போய் நான்கு பாத்தித் தக்காளியையும் பறித்துக் கூடையில் போடுவேன். மூடுவேன். பால் பொங்கும்.

மேகலா என் மனைவி. இறந்து ஆறு மாதமாகிறது. அதன் பிறகு ஒரு நாளும் தக்காளி தவறவில்லை.

ஒரு வாரமாகத் திரையின் மேல் ஓர் அறிவிப்பு நிற்கிறது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குப் பிறகு இந்தப் போனில் விளையாட்டு ஓடாது. வேறு கருவிக்கு மாற்றாவிட்டால் தோட்டம் அழிந்துவிடும். அன்று 'நான்கு நாள்' என்று காட்டியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பால் வழிந்தது.

"பால் பொங்குது... கண்ணு எங்கடா கீது?" அம்மா வந்து அடுப்பை அணைத்தாள். கைத்துணியைத் தூக்கி எறிந்தாள். "நேத்து மார்க்கெட்ல போன் கட சர்தார் பாஷா என்ன நிக்க வெச்சிட்டான். 'உங்க புள்ள கடைக்கு வந்தாம்மா, கேம் வெளயாட்ற டேப்ப பாத்துட்டுப் போனான், உங்க மருமக பாத்ததேதான்'ன்றான். நடு மார்க்கெட்ல! எனக்கு மானமே போய்ட்சி..."

"சும்மா பாத்தேன்."

"செத்துப்போன பொண்டாட்டி வெளயாடன வெளயாட்டுக்கு மிஷினு வாங்குவியா? ஊரு சிரிக்காது? அந்தக் கருமாந்தரம்தான அவள முழுங்குச்சி! தூங்காம கொள்ளாம, ஒடம்புல சத்தே இல்லாம..."

"டெங்கும்மா."

"ஆமா, டெங்கு! நீ படிச்சவன், நீ சொன்னா செரி." அம்மா தரையில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "டேய் இன்பா... கடசியா இன்னாடா சொன்னா?"

"அத்தைய பாத்துக்கோங்கன்னு சொன்னா."

"நான் அவ்ளோ பேசியுமா... மாதாவே!"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்தக் கேள்வி தினமும் வரும். பதிலும் தினமும் சொல்வேன். பதில் பொய்.

அம்மா சவுரியம்மாள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள். அப்பா போன பிறகு நானும் என் தங்கை பிரிஸ்கில்லாவும் அந்தத் தையலில்தான் படித்தோம். கறுப்புத் தோலில் கறுப்பு நூலைப் பார்த்துப் பார்த்து அவள் கண் கெட்டது. பிரிசியை நர்ஸுக்குப் படிக்கவைத்தாள். படித்து முடித்த மாதமே பிரிசி ஒரு வார்த்தை சொல்லாமல் போய், ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருக்கும் ஆதிகேசவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நாலு வருடம் ஆகிறது. அம்மா அப்பாவின் படத்தில் கை வைத்துச் சொன்னாள்: "அவ மூஞ்சில முழிக்க மாட்டேன். அவ போன் இந்த வூட்ல அடிக்கக் கூடாது. அடிச்சா, அன்னிக்கு நான் பொணம்."

அப்போது மேகலா எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். பிரிசியும் அவளும் ஒரே பாயில் படுத்துக் கதை பேசியவர்கள்.  அம்மாவின் சத்தியத்தை மேகலா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

போன வருடம் ஒருநாள் தன் போனில் தோட்டம் வைக்கும் அந்த விளையாட்டை ஏற்றினாள். அதில் பக்கத்துத் தோட்டத்துக்குச் சொந்தக்காரியின் பெயர் ஜே.டி.ஜே. ரயில் டிக்கெட் எடுத்த யாருக்கும் தெரியும், அது ஜோலார்பேட்டை. நான் மேகலாவைப் பார்த்தேன். உதட்டில் விரல் வைத்தாள்.

"போன் அடிச்சுதா? அடிக்கலியே. வெளயாட்டுல யாருக்கும் போன் அடிக்காது. அத்தை சத்தியம் அப்டியே பத்தரமா கீது."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"நீங்க சொல்லாம இருந்தா எப்டித் தெரியும்? சொல்லாதீங்க. அது உங்களுக்கு கஷ்டமா இன்னா?"

கஷ்டம் இல்லை. எனக்கு வருவதே அது ஒன்றுதான்.

பிரிசிக்கு ஒரு பெண் குழந்தை. பெயர் பாரதி. மூன்று வயது. ஆதிகேசவன் விடியலில் டூட்டிக்குக் கிளம்பும்போது அவளும் விழித்துவிடுவாள். அங்கிருந்து அவள் தண்ணீர் விட்டால் இங்கே மேகலாவின் தோட்டத்தில் தக்காளி பழுக்கும். ஐந்து நாற்பதுக்குப் பழுக்கும். ஒரு மணி நேரத்தில் பறிக்காவிட்டால் கருகிவிடும். கருகினால் குழந்தை அழுவாள். அதனால் அந்த அலாரம். மேகலா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சமையல்கட்டில் நின்று, அந்த விளையாட்டுக்குள்ளேயே குழந்தையோடு பேசிக்கொண்டு பறிப்பாள். அப்புறம் தோசைக்கல்லைப் போடுவாள்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை. மேகலாவுக்கு ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் வேனுக்காக வாசலில் நின்றோம். அம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"யாருடி அவன்?"

"இன்னா அத்தை?"

"என் காதால கேட்டேன்டி, ஒருநா இல்ல ரெண்டுநா இல்ல, ஒரு வாரமா! 'செல்லம், ஒரு முத்தம் குடு'ன்ற... 'நாளைக்கு வருவ இல்ல'ன்ற... காலங்காத்தால எவனுக்குடி முத்தம்? என் புள்ள பக்கத்து ரூம்ல தூங்கறப்பவே!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மேகலா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினேன். வேன் ஹாரன் அடித்தது. ஏறிவிட்டேன்.

"யாரும் இல்ல அத்தை" என்றாள் மேகலா. அவ்வளவுதான் சொன்னாள்.

ஆறாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தாள். கல்லறைத் தோட்டத்து கேட்டில் பிரிசி குழந்தையோடு நின்றாள். அம்மா முந்தானையை முகத்துக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தேன். காலை ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடித்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை. பறித்தேன்.

மார்ச் மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. 'அண்ணா, நீதான்னு தெரியும். மேகா அத்தைதான் தினம் வர்றாங்கன்னு பாரதி நெனச்சிக்கினு இருக்கா. எனக்குச் சொல்ல மனசு வரல. நீ வராம இருந்துடாத.'

பதில் எழுதவில்லை. மறுநாளும் தொப்பிப் பெண்ணை நடத்திக்கொண்டு போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி பொம்மை நின்று கையை ஆட்டியது. மேகலாவின் கையை எப்படி ஆட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் நான்கு நாள். வாங்கினால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் தாங்குவாளா தெரியாது. வாங்காவிட்டால் முப்பத்தொன்றாம் தேதி காலை ஒரு குழந்தை வேலியோரம் நின்றுகொண்டிருக்கும்.

கம்பெனியில் எனக்கு கம்ப்யூட்டரில் வேலை. தோலின் படம் திரையில் வரும். ஓட்டை, கீறல் இருக்கும் இடத்தைச் சுற்றி, தோலைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் பெண்கள் சில்வர் பேனாவால் வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டங்களில் படாமல் ஷூவின் துண்டுகளை அடுக்க வேண்டும். தவிர்ப்பதுதான் வேலை. ஏழு வருடமாகச் செய்கிறேன். நல்ல பெயர் இருக்கிறது.

மத்தியானம் சார்ட்டிங்கிலிருந்து வஜீதா அக்கா வந்தார். மேகலாவோடு ஒரே மேசையில் நின்றவர்.

"தம்பி, அவ லாக்கர புதுப் பொண்ணுக்குக் குடுக்கறாங்களாம். தொறந்தேன். இது கெடந்துச்சி."

கறுப்புத் தோலில் ஓர் உறை. ஒரு சாணுக்கு மேல் நீளம். கழிவுத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. வெளியே எடுத்துப்போக சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டு உள்ளே மடித்திருந்தது. மூடியின் உள்பக்கம் சில்வர் பேனாவால் எழுதியிருந்தது: அத்தைக்கு.

"டேப்புக்கு உறைன்னா. டேப்பு எங்கடின்னேன். 'கிறிஸ்மஸுக்கு வரும்கா. மொதல்ல வூடு கட்டிட்டேன், ஆளு பொறவு குடிவரும்'னா. வாயப் பாரேன் அந்தப் பொண்ணுக்கு..." அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "சாப்பாட்டு நேரத்துல ஸ்டிச்சிங் ஹாலுக்கு ஓடிடுவா தம்பி. சோறு துன்னாம தைச்சா."

சாயங்காலம் வேனிலிருந்து பஜாரில் இறங்கினேன். சர்தார் பாஷா என்னைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து அந்த டேப்பை எடுத்து மேலே வைத்தார்.

"வருவன்னு தெரியும். இத நான் யாருக்கும் விக்கல. கேமுக்குன்னே செஞ்சது தம்பி, உள்ள குட்டி ஃபேன் சுத்துது. எங்க வூட்டு ஃபேன் கூட இவ்ளோ காத்து குடுக்காது."

"சாதா டேப் போதாதா பாய்?"

"நானும் அதான் சொன்னேன், விலை கம்மின்னு. உன் சம்சாரம் மூணு டேப்ப இங்கயே நின்னு வெளயாடிப் பாத்துச்சி. கேமும் ஓடணும், பேசனா கொரலும் வெட்டாம வரணுமாம். மத்ததெல்லாம் பேஜார், தொங்கிடுச்சி. இது ஒண்ணுதான் நின்னுது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டுச்சி பாரு... எல்லாரும் சிம் போட எடம் இருக்குதான்னு கேப்பாங்க. இது, 'சிம் போட எடம் இல்லதான பாய்? நிச்சயமா இல்லதான?'ன்னு கேட்டுச்சி. இல்லம்மான்னேன். அப்டி ஒரு சந்தோஷம் அந்த மூஞ்சில. இருவது வருஷ வியாபாரத்துல இல்லன்னதுக்கு சந்தோஷப்பட்ட கஸ்டமர் அது ஒண்ணுதான்."

எனக்கு விளங்கியது. சிம் இல்லை. அடிக்காது. அது போன் இல்லை. அம்மாவின் சத்தியத்தில் 'போன்' என்றுதான் இருந்தது.

"குடுங்க பாய்" என்றேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். எழுந்ததில் முறம் கவிழ்ந்தது.

"வாங்கிட்டியா... வாங்கிட்டியாடா! இந்த வூட்ல என் பேச்சுக்கு மரியாதையே இல்லியா? எவனோ ஒருத்தன்கிட்ட குலாவனவளுக்கு..."

"அவன் இல்லம்மா."

"இன்னா?"

"ஆம்பள இல்ல. பிரிசி. பிரிசியும் அவ கொழந்தையும். மேகலா முத்தம் கேட்டது உன் பேத்திகிட்ட."

அம்மாவின் கையில் இருந்த கீரைக் காம்பு அப்படியே இருந்தது.

"பொய். செத்தவளக் காப்பாத்தப் பொய் சொல்ற."

 அவளுக்கு என்னைத் தெரியும். பொய் சொல்ல எனக்கு இத்தனை வார்த்தை வராது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல! வாயத் தொறந்து, 'உன் பொண்ணுதான் அத்தை'ன்னு ஒரு வார்த்த... ஏன்டா சொல்லல அவ?"

"சொன்னா நீ போன ஒடச்சிருப்ப. கொழந்த கொரல் நின்னுபூடும். அதுக்குதான் பேச்ச வாங்கிக்கினா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா பக்கத்துல நின்ன?"

"ஷூ லேஸ் கட்டினேன்."

அறைந்தாள். முப்பத்தொரு வயதில் அம்மாவிடம் வாங்கிய முதல் அறை. ஆறு மாதத்தில் என் உடம்பில் ஏதாவது பட்டது என்றால் அதுதான்.

உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். எழுத்தை முதலில் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள், லைனில் வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் செய்ததைப் போல.

"யாரு தைச்சது? இது தைக்கறவ கை இல்ல. கோணல். மூலைல நூலு எகிறிக்கினு கீது... தொறக்கற பக்கம் மட்டும் ஏன் வெள்ள நூலு? கறுப்புத் தோலுக்கு யாராச்சும் வெள்ள நூலு போடுவாங்களா?"

அவளே கேட்டு, அவளே நின்றாள். விரல் அந்த வெள்ளைத் தையலின் மேல் இருந்தது.

"எனக்கா... கறுப்புல கறுப்பு எனக்குத் தெரியாதுன்னா..."

மூடியைத் திறந்தாள். அத்தைக்கு என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்படியே சிதறிய கீரையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என் தாயே... உன் மேல பழியப் போட்டேனே! தெரு கேக்கப் பேசினேனே! ஜுரத்தோட நின்னியேடி... ஒரு வாய் கஞ்சி வெச்சிக் குடுக்கலியேடி நான்..."

உறையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் என் தலையை இழுத்து அந்த உறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். புதுத் தோல் வாசனை அடித்தது. மேகலா வேலை விட்டு வரும்போது அவள் கையில் அடிக்கும் வாசனை.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு அம்மா எனக்கு முன்னே எழுந்திருந்தாள். குளித்து, ஞாயிறு பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். இரவே தோட்டத்தை மாற்றி ஏற்றிய டேப்பை, என் போனிலிருந்து நெட் கொடுத்து, உறையோடு நாற்காலியில் சாய்த்து வைத்தேன். மூடியை மடித்தால் நிற்கும்படி தைத்திருந்தாள் மேகலா. சரியாக நின்றது.

"இது போன் இல்லியே?"

"இல்லம்மா. சிம்மே கெடையாது."

"என் மூஞ்சி அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பொம்மதான் தெரியும்."

"அவ மூஞ்சி எனக்கு?"

"தெரியாது."

அம்மா யோசித்தாள். "சத்தியத்துக்குள்ளயே வழி கண்டுபுடிச்சி வெச்சிக்கீறா பாரு... வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும்டா அவள."

தோட்டம் திறந்தது. பெரிய திரையில் மரங்கள் காற்றில் ஆடின. தொப்பிப் பெண் கிணற்றடியில் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் குட்டி பொம்மை ஓடி வந்தது. ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒலியைத் திறந்துவைத்தேன்.

"மேகா அத்த! மேகா அத்த! ஏன் நீ பேசவே மாட்ற? எம்மேல கோவமா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"கோவம் இல்லடா கண்ணு... நான்... நான் ஆயாடா."

"ஆயாவா? மேகா அத்த எங்க?"

 அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு குரல், மிக மெதுவாக.

"அம்மா...?"

நாலு வருடம். அம்மா டேப்பை நோக்கிக் குனிந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று இருந்தது.

"சாப்டியாடி?"

பிரிசி அழுகையும் சிரிப்புமாக, "இப்பதாம்மா விடியுது..." என்றாள்.

"ஞாயித்துக்கெழம வா. கொழந்தையக் கூட்டிக்கினு வா. அவரையும் வரச்சொல்லு."

"உன் சத்தியம்மா...?"

"மூஞ்சில முழிக்க மாட்டேன்னுதானடி சொன்னேன்? எனக்குத்தான் இப்ப கண்ணே செரியாத் தெரியலியே!"

இரண்டு பக்கமும் அழுதார்கள். பாரதி மட்டும், "தக்காளி! தக்காளி!" என்று கத்தினாள். நான் தொப்பிப் பெண்ணை நடத்திக்கொண்டு போய்ப் பறித்தேன்.

எல்லாம் அடங்கிய பிறகு அம்மா உறையின் மூடியை மெல்ல மூடினாள். வெள்ளைத் தையலில் விரல் நின்றது.

"இன்பா. இப்ப சொல்லு. கடசியா இன்னா சொன்னா? நெஜத்த சொல்லு. என்னைப் பாத்துக்கச் சொல்லியிருக்க மாட்டா. நான் பேசன பேச்சுக்கு எப்டிச் சொல்லுவா..."

சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு காலையும் படுக்கையில் இருந்தபடியே அவள் பறித்தாள். ஆறாம் நாள் விடியலில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போனை என் கையில் கொடுத்தாள். கதவருகே மூக்கு மாஸ்க்கைத் தானே தூக்கினாள். குனிந்தேன். என்னைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என்னைப் பற்றியும் இல்லை, அம்மாவைப் பற்றியும் இல்லை. அன்று ஒரு நாள்தான் நான் பறிக்கவில்லை. அன்று மட்டும் கருகியது.

அவள் சொன்னது இதுதான்.

"தக்காளி பழுத்திருக்கும்ங்க. பறிச்சிடுங்க... இல்லன்னா பாப்பா அழும்."